ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோட்டு

...அப்படியென்றால் நினோன் கடைக் கோட்டை விட்டுவிட வேண்டியதுதான், வெட்டு அழகு, யார் இல்லை என்றார்கள், கண்ணாடியில் ஐந்து வயதைக் குறைத்துக் காட்டியது, ஆனால் போட்டுப் பார்க்கும்போதே பித்தானில் நூல் தளர்ந்து தொங்குகிறதே, இன்னும் காசே கொடுக்கவில்லை, அதற்குள்ளா... எதிர்ப்பக்கம் கப்ரீன் கடை, அங்கே விலை பாதி, துணியும் பாதி, பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுக் காற்று நேராக எலும்புக்குள் இறங்கிவிடும். ஒதீலுக்குக் கால் வலித்தது. தள்ளுபடியின் முதல் நாள், லியோன் நகரத்துப் பெண்கள் அத்தனை பேரும் ரிபப்ளிக் தெருவில்தான் இருக்கிறார்கள் போல. அறுபத்து மூன்று வயதில் ஒரு கோட்டுக்கு இந்த அலைச்சல் தேவையா? தேவைதான். ஞாயிற்றுக்கிழமை எத்தியேன் வீட்டில் மதியச் சாப்பாடு, அவருடைய இரண்டு மகள்களும் முதல்முறையாக இவளைப் பார்க்கப் போகிறார்கள். அம்மாவைப் பறிகொடுத்த பெண்கள், அப்பாவோடு பாட்டுக்குழுவில் பாடுகிற இவள் யார் என்று தலை முதல் கால் வரை அளப்பார்கள், கோட்டை வாங்கி மாட்டுகிற சாக்கில் கழுத்துப்பட்டையில் எந்தக் கடையின் பெயர் தைத்திருக்கிறது என்றுகூடப் பார்ப்பார்கள், மூத்தவள் கமீல் நிச்சயம் பார்ப்பாள், வக்கீல் அல்லவா. கமீலுக்குப் பிடிக்கவில்லை என்றால் எத்தியேன் என்ன செய்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், கொஞ்சம் கொஞ்சமாகப் போன் செய்வதைக் குறைப்பார்.

தோழி நிகோலிடம் யோசனை கேட்டது இவள் தப்பு. "கப்ரீன்ல வாங்குடி, நீ பகட்டா போய் நின்னா அந்தப் பொண்ணுங்களுக்கு எரியும்" என்றாள், காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா ரொம்ப மலிவா போனா அப்பா பணத்துக்கு வந்தவள்னு நெனப்பாங்க" என்றாள், எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிற யோசனை. நேற்று சாயங்காலம் ஒப்ரேல் கடைக்கு இழுத்துப்போனவளும் அவள்தான். போட்டுப் பார்க்க நேரமில்லை, விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள், நிகோல் மளமளவென்று நாற்பத்திரண்டாம் அளவை உருவி முப்பத்தாறுகளுக்கு நடுவில் சொருகினாள், "நாளைக்கு வந்து எடுத்துக்கோ, எந்த ஒல்லிக்குச்சியும் இதைத் தொடமாட்டா." ஊரே செய்கிற வேலைதான், இருந்தாலும் ஒதீலுக்குக் காது சூடேறியது. இன்று போய்ப் பார்த்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது, பக்கத்தில் யாரோ ஒரு மகராசி தன் நாற்பத்தாறையும் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒதீல் அதைத் தொடவில்லை. பாவம், யாருக்கு என்ன ஞாயிற்றுக்கிழமையோ.

உடை மாற்றும் அறையில் திரையை இழுத்துவிட்டு உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள், தையல் நேராக ஓடியது, உள்துணி வழுவழுவென்று கெட்டியாக இருந்தது, தள்ளுபடி போகவும் நினோனைவிட விலை அதிகம்தான், ஆனால் பத்து வருடம் போடலாம், பத்து வருடம் போட்டால் எழுபத்து மூன்று, சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். எத்தியேனும் இந்தக் கடையைத்தான் சொன்னார். பாட்டுப் பயிற்சி முடிந்து காப்பி குடிக்கும்போது, கேட்காமலே சொன்னார், "ஒப்ரேல்ல எடுங்க ஒதீல், உள்துணி கிழியவே கிழியாது. கை மட்டும் ரெண்டு விரக்கடை நீளமா இருக்கும், அதை வெட்டித் தச்சுக்கணும்." எவ்வளவு அக்கறை என்று அன்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இப்போது கோட்டை மாட்டிக் கையை நீட்டினாள். கை மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. இழுத்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், ஒரு நூல்கூட அதிகம் இல்லை. நீளமா? எங்கே நீளம்? யாருக்கு நீளம்...

சுருக்கென்றது. மதில்துக்கு. வரவேற்பறைப் படத்தில் எத்தியேனின் தோள் உயரம்கூட வராமல் நிற்கிற அவருடைய காலமான மனைவி மதில்துக்கு. இல்லையென்றால் காலுறையையே ஜோடி மாற்றிப் போட்டு வருகிற மனிதருக்குப் பெண்கள் கோட்டின் உள்துணியைப் பற்றி என்ன தெரியும்? ஆகா, இவள் ஒரு முட்டாள், கேட்காமலே கிடைத்த யோசனைக்கு அன்று முழுக்கச் சிரித்தவள். ஞாயிற்றுக்கிழமை மணியடிப்பாள், கமீல் கதவைத் திறப்பாள், வாசலில் அம்மாவின் கோட்டு நிற்கும், உள்ளே வேறொருத்தி. அந்தப் பெண்ணின் முகம் எப்படிப் போகும்! அந்த மனுஷருக்கு இது தோன்றவே இல்லையா, அல்லது அதுதான் வேண்டுமா, காலியான ஆணியில் மாட்ட ஒரு ஆள்? கோபம் வந்தது, நல்ல கோபம், கப்ரீனுக்கே போகிறேன், பளிச்சென்று சிவப்பில் எடுக்கிறேன், அவர் வாழ்க்கையில் எவளும் போடாத சிவப்பு என்று முதல் பித்தானைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தாளே. கருநீலம், தோளில் பித்தான் வைத்தது. கடையில் எவ்வளவு நேரம் யோசித்தாள்? யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் எடுத்தது, அளவைக்கூடப் பார்க்கவில்லை. இவள் கணவர் கில்பேர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் எடுத்தது அதையேதான், அதே நீலம், அதே எக்ஸ்ட்ரா லார்ஜ். கில்பேர் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். எத்தியேன் எங்கே, அவர் எங்கே. எத்தியேன் போட்டுக்கொண்டு கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "கதகதப்பா இருக்கு" என்றார், அதற்கப்புறம் பார்த்தபோதெல்லாம் அதைத்தான் போட்டிருந்தார்.

அழைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"எத்தியேன், அந்த ஸ்வெட்டர் உங்களுக்குப் பெருசா இருக்கா?"

"எந்த... ஓ அதுவா. கொஞ்சம். தோள் எறங்குது. அதனால என்ன?"

"உங்க அளவு என்ன?"

"மீடியம்." பிறகு மெதுவாகச் சிரித்தார். "வேற யாரோ அளவுன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. ஆசையா குடுத்தீங்க, கேக்க மனசு வரல. நானும் அதுல பாதி ஆளாவது ஆக முடியுதான்னு பாக்கறேன்."

ஒதீலுக்கு ஏதோ பேச வேண்டும் போலிருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வாருங்கள், பாதாம் கேக்கை கமீல் வாங்கி வருகிறாள் என்று அவர் சொன்னதற்கு உம் கொட்டிவிட்டு வைத்தாள். எங்கே நிற்கிறாள், எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தே போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் இந்தக் கோட்டைச் சொன்னதும் தெரிந்தேவா, அல்லது இவள் கை ஸ்வெட்டருக்குப் போன மாதிரி அவர் வாயும் தானாகப் போய்விட்டதா? சரி, அவர் எப்படிச் சொன்னால் என்ன, கமீலுக்கு யார் சொல்வது? கண்ணாடியில் சாம்பல் கோட்டு தோளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது, யாரோ இவளையே நிற்கவைத்து அளந்து தைத்தது போல. அதுதான் வம்பு, பிடித்திருந்தது, வேறு யாருக்காகவும் இல்லாமல் இவளுக்கே பிடித்திருந்தது. கழற்றிய பித்தானை மறுபடி போட்டுக்கொண்டாள்.

திரைக்கு வெளியிலிருந்து கடைப் பெண் கேட்டாள், "மதாம், சரியா இருக்கா? வேற அளவு கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம்மா," என்றாள் ஒதீல், "இது சரியாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு, திரையை விலக்காமல் அங்கேயே நின்றாள்.