ஒரு வீட்டுக்கு மூன்று காண்ட்ராக்டர்

விடிவதற்குள் டைல்ஸ் பெட்டிகள் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட வேண்டும் என்பது உத்தரவு. கைப்பிடி வைக்காத படிகள். இருட்டில் காலால் தடவித்தான் ஏற வேண்டும். நெட்டச்சி தலையில் ஒரு பெட்டியும் இடுப்பில் தண்ணீர்க் குடமுமாக ஏறினாள். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு விட்டால் பாரம் ஆடும் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டாள். உயரத்தால் வந்த பெயர் நெட்டச்சி. கதவு நிலைகளில் குனியாமல் நுழைய முடியாத அவள், குனிவது நிலைகளுக்கு மட்டும்தான் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

மேலே ஒரு பல்பு வெளிச்சத்தில் அவள் புருஷன் கட்டர் மெஷினை முடுக்கியிருந்தான். அவனை எல்லோரும் ரசமட்டம் என்றே கூப்பிடுவார்கள். அவன் தரையில் கன்னத்தை வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டால், பிறகு மட்டம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை.

மெஷினில் பிளேடை மறைக்கிற மூடி இல்லை. காண்ட்ராக்டர் கழற்றிக் கொண்டுபோயிருந்தான். மூடி இருந்தால் கோடு சரியாகத் தெரியாது, வேலை இழுக்கும் என்பது அவன் கணக்கு. அவனுக்குத் தொழிலாளிகள் வைத்திருந்த பெயர் சென்ட்டு. ஆள் படியேறும் முன்பே வாசனை ஏறிவிடும்.

"மூடிய மாட்டித் தாங்கன்னு நேத்தும் கேட்டேன். நாளைக்கு, நாளைக்குங்கறான்" என்றான் ரசமட்டம்.

"கேட்டுக்கிட்டே வெட்டுறியே. மாட்டுற வரைக்கும் வெட்ட மாட்டேன்னு சொல்லு."

"சொன்னா நாளைக்கு இந்த இடத்துல வேற ஒருத்தன் குந்தியிருப்பான்."

அவள் அடுத்த பெட்டிக்காகப் பாதிப் படி இறங்கியபோது மேலே சத்தம் மாறியது. கல்லை அறுக்கும் கிறீச்சிடல் சட்டென்று உடைந்து, எதுவோ சுவரில் மோதித் தெறித்தது. பிறகு மெஷின் மட்டும் தனியாகச் சுற்றும் ஓசை. அவள் ஓடிப் போய்ப் பார்க்கும்போது, அவன் வெள்ளை டைல்ஸ் தூளில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தின் ஒரு பக்கத்தைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. தூள் அதைக் குடித்துக் குடித்துச் சேறாகியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்கு முன்பே சென்ட்டு வந்து நின்றிருந்தான். டாக்டரிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நல்ல பையன் சார். என்ன செய்யறது, குடி. குடிச்சிட்டு வீட்டுல கண்ணாடி மேல விழுந்துட்டான்."

"பொய்! அவர் குடிக்கவே மாட்டாரு" என்று நெட்டச்சி கத்தினாள். "இவன் சைட்டுல மெஷின் பிளேடு தெறிச்சுதுங்க."

டாக்டர் களைத்த கண்களால் அவளைப் பார்த்தார். சென்ட்டு வருத்தமாகத் தலையாட்டினான். "பொஞ்சாதி சார். பாவம், புருஷனை விட்டுக்கொடுக்குமா?" உள்ளே இருந்து யாரோ அழைக்க, டாக்டர் போய்விட்டார்.

கண்ணை எடுத்துவிட்டார்கள்.

குடிகாரன் வீட்டில் விழுந்தால் எந்த முதலாளிக்கும் பொறுப்பில்லை. வைத்தியச் செலவும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால் ரசமட்டத்தைக் குடைந்தது அது அல்ல. கட்டுப்போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "குடிகாரன்னு சொல்லிட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுடைய அப்பன் குடித்தே செத்தவன். அந்த வாடையே ஆகாது என்று வாழ்ந்தவன் ரசமட்டம்.

காயம் ஆறியதும் வேலை கேட்கப் போனான். சென்ட்டு சிரித்தான்.

"ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு மட்டம் எப்படிப்பா பார்ப்பே? தரை சாஞ்சு போனா என் பேர் கெட்டுடுமே. வேணா வாட்ச்மேன் வேலைக்குப் போ. அதுக்கு ஒரு கண்ணு போதும்."

நெட்டச்சி அப்போது பக்கத்தில் கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். கையில் மண்வெட்டி இருந்தது. அதை அவள் ஓங்கவில்லை. ஒரே அடியில் முடிந்துபோகிற காரியம் அவளுக்குப் போதாது.

அவள் அவனிடமே வேலையில் தொடர்ந்தாள். "எப்படிடீ அந்த மூஞ்சில முழிக்கறே?" என்று கூட வேலை செய்பவள் கேட்டபோது, "கிட்ட இருந்து பாக்கறேன். எங்க தட்டினா விழுவான்னு தெரியணும்ல" என்றாள்.

*

பஸ் ஓட்டுநர் ஒருவரின் வீட்டில் தரை பெயர்ந்து கிடந்தது. சிமெண்ட் செதில் செதிலாக உரிந்து, நடந்தால் காலில் மண் ஒட்டும். பல வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஓட்டுநரின் மனைவி தையல் ஃபேக்டரியில் வேலை செய்பவள், லேசில் ஏமாறுகிறவள் அல்ல. ஒருவனை நம்பி இறங்கக் கூடாது என்று மூன்று காண்ட்ராக்டர்களிடம் விசாரித்தாள். சென்ட்டு, இன்னொருவன், மற்றொருவன். மூவரும் நேரில் வந்து பேசினார்கள். மூவரும் "நம்ம ஆளுங்க தங்கமான ஆளுங்க" என்றார்கள். அளவெடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

முதல் ஆளாக வந்தவர் தாடி வைத்த ஒரு மேஸ்திரி; தாடி மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாடாவை நீட்டி அளந்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டாவது காண்ட்ராக்டரின் ஆள் என்று கதவைத் தட்டியவரும் தாடி மேஸ்திரி. அதற்கடுத்து மூன்றாவது காண்ட்ராக்டரின் ஆளும் வந்தார். அதே தாடி, அதே நாடா. கலவைக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று பார்க்க, பின்னால் நெட்டச்சி.

ஓட்டுநர் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். "ஏங்க, நீங்க யாரோட ஆளு?"

தாடி மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எல்லாரோட ஆளுந்தாம்மா. இந்த ஊர்ல டைல்ஸ் ஒட்டற கை இவ்வளவுதான். யாரு கூப்பிட்டாலும் நாங்கதான் வருவோம்."

"அப்ப நான் மூணு பேரைக் கூட்டி வச்சுப் பேசினது?"

"சட்டையைத் தேர்ந்தெடுத்தீங்க" என்றாள் நெட்டச்சி. "உள்ள இருக்கற உடம்பு ஒண்ணுதான்."

ஓட்டுநர் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நெட்டச்சியும் சிரித்தாள். ஆனால் தெருவில் இறங்கி நடக்கும்போது, தான் சொன்ன வார்த்தையே அவளைப் பிடித்து நிறுத்தியது. நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

*

வேலை சென்ட்டுவுக்குக் கிடைத்தது. மற்ற இருவரையும்விடக் குறைத்துக் கேட்டிருந்தான். எதில் குறைத்தான் என்று அன்றைக்கே தெரிந்தது. கூலியில் பிடித்தான். இந்த வீட்டு வேலையிலிருந்து எல்லோருக்கும் குறைத்த கூலிதான், இஷ்டம் இருந்தால் வா என்று சொல்லியனுப்பினான்.

சாயங்காலம் கை கால் கழுவும் குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். நெட்டச்சி தன் திட்டத்தைச் சொன்னாள்.

"போவோம். அவன் சொன்ன கூலிக்கே ஒட்டுவோம். ஆனா அடியில கலவைய முழுசா நிரப்பாம, நடுவுல காத்து விட்டு ஒட்டுவோம். மேல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். கோடை வரட்டும். ஒவ்வொண்ணா படார் படார்னு எழும்பும். அப்புறம் எவன் அவனைக் கூப்பிடுவான்? அவன் பேரு நாறணும். என் புருஷன் பேரை நாறடிச்சான்ல?"

குழாய்த் தண்ணீர் வழிந்து ஓடியது. பலருக்கு அந்தத் திட்டம் இனித்தது, முகத்தில் தெரிந்தது.

தாடி மேஸ்திரிதான் பேசினார். "எழும்பற டைல்ஸ் யாரு காலைக் கிழிக்கும்? அந்தத் தையக்காரம்மா காலை. அவன் காலை இல்லே. அவன் இன்னொரு ஊர்ல போய் இன்னொரு சட்டையப் போட்டுக்குவான்."

"அப்ப என் மனசு ஆறவே கூடாதா அண்ணே?"

"ஆற வேணாம். அப்படியே வச்சுக்க. ஆனா அவனை அடிக்கிறேன்னு வேற ஒருத்தி வீட்டை உடைக்காதே."

அவள் குழாயை இறுக்கி மூடினாள். நடுத்தெருவில் அவளை நிறுத்திய எண்ணம் இப்போது முழுசாக வெளியே வந்தது.

"சரி. ஒட்டவே வேணாம். இந்த ஊர்ல இருக்கற கை இவ்வளவுதானே? அவ்வளவு கையையும் மடக்கிடுவோம். அவன் போய் உக்காந்து ஒட்டட்டும், சென்ட்டு போட்டுக்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் அது சிரிப்பாக இருக்கவில்லை. என்ன கேட்பது என்று பேசினார்கள். பழைய கூலி. எல்லா மெஷினுக்கும் மூடி. இவை இரண்டையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். நெட்டச்சி மூன்றாவதைச் சொன்னாள். "அவன் அந்த ஆஸ்பத்திரிக்கு வரணும். அதே வராந்தாவுல, அதே டாக்டர்கிட்ட, அடிபட்டது என் சைட்டுல, அவன் குடிக்கலன்னு சொல்லணும். அப்புறம் வைத்தியத்துக்கு உண்டானதைக் கொடுக்கணும்."

"இதை முதல்ல வைப்போம்" என்றார் தாடி மேஸ்திரி.

*

டைல்ஸ் ஒட்ட வேண்டிய நாள் காலையில் ஓட்டுநர் வீட்டுக் கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் வாசலில் கிடந்தன. பழைய தரையை ஏற்கெனவே கொத்தி எடுத்திருந்தார்கள். உள்ளே வெறும் மண். தொழிலாளிகள் கலவைச் சட்டிகளோடும் பூச்சுக் கரண்டிகளோடும் வந்தார்கள். வந்து, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரசமட்டமும் வந்திருந்தான். கறுப்புத் துணியால் ஒரு கண்ணை மறைத்திருந்தான்.

முதலில் வாசனை வந்தது. பின்னால் சென்ட்டு வந்தான்.

"என்ன, இங்க போட்டோ எடுக்கறாங்களா? எந்திரிங்க, எந்திரிங்க."

"பேசணும்" என்றார் தாடி மேஸ்திரி. பேசினார். மூன்றையும் சொன்னார்.

சென்ட்டு கேட்டு முடித்துவிட்டு நெட்டச்சியைப் பார்த்தான். "எல்லாம் இவ வேலையா? நான் சோறு போடறேன், நீ கொள்ளி வைக்கறியா?"

"நீ போடல. நாங்க தூக்கின பெட்டியிலதான் உனக்குச் சோறு."

"உன் புருஷன் குடிச்சிட்டு விழுந்ததுக்கு..."

ரசமட்டம் எழுந்து வந்தான். அவனுக்கு நேர் எதிரே, வாசனை அடிக்கிற தூரத்தில் நின்றான். "இன்னொரு தரம் சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

சென்ட்டு வேறு பக்கம் பார்த்தான். "உங்கள விட்டா ஆள் இல்லையா? இப்பப் பாருங்க" என்று போனை எடுத்தான். இரண்டாவது காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, அவசரமாக ஆள் வேண்டும் என்றான். சரி என்று பதில் வந்ததும் தலையை நிமிர்த்தினான்.

சற்று நேரத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். இரண்டாவது காண்ட்ராக்டரின் குரல்: "தம்பி, டிரைவர் வீட்டுக்கு உடனே ஆள் வேணும், எங்க இருக்கே?"

"டிரைவர் வீட்டுலதாங்க. வேலை செய்யாம உக்காந்திருக்கேன்."

சென்ட்டு மூன்றாவது காண்ட்ராக்டரைக் கூப்பிட்டான். இந்தத் தடவை தாடி மேஸ்திரியின் மடியில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடிக்க விட்டார். சென்ட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்திலிருந்த மிதப்பு வழிந்து இறங்கியது. நெட்டச்சி கண் கொட்டாமல் அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவள் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். போன் அடித்து ஓயும் வரை பார்த்தாள். போதவில்லை. இன்னும் வேண்டும் என்று இருந்தது.

ஓட்டுநர் மனைவி படியில் வந்து நின்றாள். "உங்க சண்டைய எங்க வீட்டு மேலயா வைப்பீங்க? என் கட்டில் தெருவுல கிடக்கு. பிள்ளைங்களை எங்கே படுக்க வைக்கறது?"

"கேட்டீங்களாம்மா? இவங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது" என்றான் சென்ட்டு.

நெட்டச்சி எழுந்து படியருகே போனாள். "அக்கா, உங்க வீட்டையே கெடுத்து இவனைப் பழி வாங்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆறு மாசத்துல உங்க தரை வெடிச்சிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதைச் செய்யல. அதுக்குப் பதிலாத்தான் மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கோம்." பிறகு புருஷனைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

ஓட்டுநர் மனைவி ரசமட்டத்தின் கறுப்புத் துணியைப் பார்த்தாள். தன்னை அறியாமல் வலது கை ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். அந்த விரலில் நகம் இல்லை.

"எங்க ஃபேக்டரியிலயும் ஊசிக்கு மறைப்பு கிடையாது" என்றாள் மெதுவாக. பிறகு சென்ட்டுவிடம் திரும்பினாள். "இவங்களோட பேசி முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் உள்ள கால் வைக்க வேணாம்."

"மண்ணுலயே குடித்தனம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். உங்களுக்கென்ன?"

"உங்க எல்லாரையும் எப்படி எந்திரிக்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சென்ட்டு போனான். வெளியூரிலிருந்து ஆள் இறக்குவான் என்று எல்லோருக்கும் புரிந்தது. போலீஸையும் கூட்டி வரலாம். நெட்டச்சியின் வீட்டில் அடுத்த வாரத்துக்கு அரிசி இல்லை. மற்றவர்கள் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. செய்தி பரவி, மற்ற இரண்டு காண்ட்ராக்டர்களின் சைட்டுகளில் கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்களும் கையைக் கழுவிவிட்டு வந்து சேர்ந்தார்கள். சுவர் ஓரம் போதாமல் தெருவிலும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் மனைவி வாசலில் கிடந்த கட்டிலை இழுத்துப்போட்டு, "பெண்டுங்க இதுல உக்காருங்க" என்றாள்.

மத்தியானம் தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. உள்ளே அறிமுகமில்லாத முகங்கள், மடியில் கரண்டிகள், நடுவில் ஒரு கட்டர் மெஷின். அதற்கும் மூடி இல்லை. முன் சீட்டில் சென்ட்டு.

நெட்டச்சி எழுந்தாள். ரசமட்டம் எழுந்தான். சொல்லாமலே சுவர் ஓரம் முழுக்க எழுந்தது. அவர்கள் கல் எடுக்கவில்லை, கத்தவும் இல்லை. நடந்துபோய் வேனைச் சுற்றி நின்றார்கள்.

"வண்டிய மேல ஏத்திட்டுப் போ, அவங்களே ஒதுங்குவாங்க!" என்றான் சென்ட்டு டிரைவரிடம்.

நெட்டச்சி பின் ஜன்னலில் குனிந்தாள். உள்ளே இருந்தவர்களில் ஒருவன் மெஷினை அணைத்துப் பிடித்திருந்தான். முழங்கை வரை வெள்ளைத் தூள்.

"அண்ணே, எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல. இந்த வேலைக்கு உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தான்னு சொன்னானா?"

"இல்லையே" என்றான் அவன். என்ஜின் இரைச்சலில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவன் முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"டிரைவரே, வண்டிய ஆஃப் பண்ணுங்க. இந்தம்மா என்னமோ சொல்லுது."

"ஆஃப் பண்ணாதே!" என்று சென்ட்டு கத்தினான்.

வேன் டிரைவர் அவனை ஒரு முறை பார்த்தார். வெளியே நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. அந்த அமைதியில் நெட்டச்சி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.