வெள்ளைப் புடவையும் காலை ரயிலும்

எங்கள் ஜவுளிக்கடையின் விளம்பர மூளை நான்தான் என்று வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆட்டோவின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டி ஊரிகத்தில், பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே "பெருமக்களே!" என்று முழங்கும் குரல் என்னுடையது. பெருமக்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நாய்கள் பார்த்தன. பாதி ஊர் விடியுமுன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறது. துணியையும் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்புகிறது. நான் பூட்டிய கதவுகளுக்குத் தள்ளுபடி அறிவித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் முதலாளி கிருஷ்ணப்பா, மார்க்கெட்டிங்குக்கு என்று கயல்விழியை வேலைக்கு வைத்தார். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்த பெண், பௌத்தக் குடும்பம். வந்த வாரமே, புத்த பூர்ணிமாவுக்கு வெள்ளைப் புடவை நிறைய வரவழைத்து முன்கண்ணாடியில் வைக்கலாம் என்றாள்.

கிருஷ்ணப்பா தும்மல் வந்தவர்போல முகத்தைச் சுருக்கினார். எங்கள் கடையில் வெள்ளைக்குக் கீழ்த்தட்டுதான். காலைப் போணி வெள்ளையில் ஆகக்கூடாது என்பது அவர் அப்பா போட்ட சட்டம். வெள்ளை கேட்டு முதலில் வருபவரிடம் ஒரு கலர் கைக்குட்டையை விற்றுவிட்டுத்தான் புடவையைப் பிரிப்போம்.

"சார், பௌர்ணமிக்கு எங்க ஆளுங்க எல்லாரும் வெள்ளைதான் கட்டுவாங்க. எங்களுக்கு அது நல்ல நாளு. அன்னிக்கு நீங்க கைக்குட்டைய நீட்டினா எப்டி இருக்கும்?"

"ஆயித்தும்மா, ஆகட்டும், வரவழை. பௌர்ணமிக்குள்ள வித்தா நீ இங்க இருக்கலாம். விக்கலன்னா வேற எடம் பாத்துக்கோ."

இந்த இடத்தில் உதவி செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. இப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். கயல்விழியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடையின் துணிப்பைகளில் புத்தர் படத்தை அச்சடித்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

"ஏனோக் சார், இன்னா வேலை பண்ணிக்கீறீங்க? இந்தப் பையிலதான மார்க்கெட்டுல மீன் வாங்கிக்கினு போறாங்க! ஏசு படம் போட்டுக் குடுப்பீங்களா?"

ஏசுவுக்கு மீன் புதிதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மிச்சப் பைகளை எடுத்து உள்ளே வைத்தோம். ஆனால் செய்தி போய்விட்டது. சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. கண்ணாடிக்குள் வெள்ளைப் புடவைகள் அப்படியே நின்றன. என் புத்திசாலித்தனத்துக்கு அவள் வேலை போகப்போகிறது.

அடுத்த திங்கட்கிழமை அவள் கடைக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை.

"தினம் ரயில்ல போறாளாம். வேற வேலை தேடறாளோ என்னமோ. போய்ப் பாரு" என்றார் கிருஷ்ணப்பா.

புதன் காலை, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, அவள் ஏறிய பெட்டியில் நானும் ஏறினேன். நீலக்கரை போட்ட எங்கள் வெள்ளைப் புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"வாங்க சார்" என்றாள் திரும்பாமலேயே. "தொப்பியில நம்ம கடை பேரு இருக்குது."

எதிரில் இருந்த தாயம்மா, கயல்விழியின் தெருக்காரர், புடவையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா கீதுடி. எங்க, அந்த மீன் பைக் கடையிலயா?"

"ஆமாக்கா. தப்புதான். பையெல்லாம் எடுத்துட்டோம். செஞ்சவரு இதோ, தொப்பி போட்டுக்கினு நிக்கிறாரு."

பெட்டி முழுக்கத் திரும்பியது. தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம செஞ்சிட்டேன்" என்றேன்.

தாயம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சப் பாத்தாலே தெரியுது, வேணும்னு செய்யற அளவுக்கு வெவரம் பத்தாது."

பெட்டி சிரித்தது. எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் இதுவே உயர்ந்தது.

அதன் பிறகு நான் பார்த்ததை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். நேத்ரா என்ற பெண் கன்னடத்தில் விசாரித்தாள். ஆபீசுக்குக் கட்ட வெயிலுக்கு இதமான பருத்தி என்று கயல்விழி கன்னடத்திலேயே பதில் சொன்னாள். மகளுக்கு மாதாகோவிலில் புதுநன்மைச் சடங்கு வைத்திருந்த அம்மாவிடம், அதே வெள்ளையில் கவுனுக்கும் துணி இருக்கிறது என்றாள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மலையாளி அக்காவிடம் பொன்சரிகைக் கசவுக் கரையைப் பற்றிப் பேசினாள். தெலுங்குக்காரர் ஒருவருக்கு வெள்ளையே பிடிக்கவில்லை. அவரிடம் மஞ்சளைப் பற்றிப் பேசினாள். வாங்குங்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டாள், காதுகொடுத்தாள்.

"வாங்கலாம்தான். நாங்க ரயில் எறங்கறப்ப நீங்க ஷட்டர எறக்கிடறீங்களே" என்றார் தாயம்மா.

அதை அன்றே கிருஷ்ணப்பாவிடம் சொன்னேன். "அவ வேலை தேடல சார், நம்ம கடைய ரயில்ல ஏத்தி விட்டிருக்கா. ஷட்டரை மட்டும் கொஞ்சம் லேட்டா போடுங்க." முனகினார். ஆனால் ரயில் வரும்வரை ஷட்டரைப் போடவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின மாலை, ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் நேரே கடைக்குள் வந்தது, தாயம்மா முன்னால். நான்கு மொழியில் பேரம். கண்ணாடியில் கடைசியாக இருந்த புடவையை பொம்மையின் மேலிருந்தே உருவிக் கொடுத்தோம். பொம்மை கூச்சத்தோடு நின்றது.

கிருஷ்ணப்பா கயல்விழியைக் கூப்பிட்டார். "இங்கயே இரும்மா. உனக்கு மேல ஒரு ரூம், கம்ப்யூட்டர், எல்லாம் போட்டுத் தரேன்."

"ரூம் வேணாம் சார். ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துக் குடுங்க."

இப்போது காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை போனைப் பார்ப்பது. ரயில் பங்காரப்பேட்டை தாண்டும்போதே அவளிடமிருந்து செய்தி வந்திருக்கும்: "சாயந்தரம் மூணு பேரு. ஒருத்தங்க மாசமா கீறாங்க, கனம் இல்லாத புடவையா எடுத்து வைங்க. நீங்களா எதுவும் யோசிக்காதீங்க சார்."

யோசிக்காமல் எடுத்து வைக்கிறேன்.