பிசுபிசுவின் தோல்

பள்ளிக் கண்காட்சியில் பிசுபிசுவின் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்த கையோடு சிரித்தார்கள். "ஐயே, தொட்டா ஒட்டிக்கும் போல இருக்கே" என்று ஓர் அப்பா தன் மகனின் கையைப் பின்னுக்கு இழுத்தார். இன்னொருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஓவிய டீச்சர் மேஜை ஓரத்தில், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டு அம்மாவைப் போல, வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பிள்ளைகள் ஒரு தீவைக் கட்டியிருந்தார்கள். தலைகீழ்த் தீவு என்று பெயர். அங்கே மழை தரையிலிருந்து மேலே போகும். மக்கள் குடையைக் காலுக்கடியில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கடிதங்களை நத்தைகள் சுமந்துபோகும். நல்ல செய்தி தாமதமாக வரும், கெட்ட செய்தி வரவே வராது. அதைக் கொண்டுபோகிற நத்தைக்கு வெட்கம் வந்து பாதி வழியில் கூட்டுக்குள் போய்விடும். தீவுக்கு மேயர் உண்டு, மழை அதிகாரி உண்டு, சட்டம் உண்டு. வகுப்பில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை மேயராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டிலும் அவளை மேயர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுகூட.

டீச்சர் அதில் ஒரு கோடும் போடவில்லை. பிள்ளைகளின் வேலையில் பெரியவர் கை படக் கூடாது என்பது அவள் கொள்கை. உலகத்தைப் படைத்த வேலையில் மிச்சம் இருந்ததைக் கடவுள் குழந்தைகளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறார் என்று அவள் மனதார நம்பினாள். பருவத்தின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் சொல்லித் தந்தாள். "புது உலகம் செய்யணும்னா முதல்ல பழைய உலகத்த நல்லாப் பாருங்க. வீட்டுல, தெருவுல, கிளாஸ்ல யாரு என்ன செய்றாங்கன்னு பாருங்க. அப்புறம் அத வளைச்சுப் போடுங்க, கவுத்துப் போடுங்க, உங்க இஷ்டம்."

தீவுக்கு அப்பால், நீலத்தாள் கடலைத் தாண்டி, ஒரு தனிப் பாறையில் பிசுபிசு உட்கார்ந்திருந்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்துப் பிடித்த உடம்பு. பானை போல வயிறு, நீண்ட கழுத்து, கவிழ்ந்த கண். கை கிடையாது. அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் தொட்டவரும் பிசுபிசு ஆகிவிடுவார் என்பது தீவின் சட்டம். அதன் தோலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பசையைத் தடவி, பாதி காய்ந்ததும் விரல் நுனியால் தள்ளித் தள்ளி வெடிக்க வைத்திருந்தது. வெடிப்புக்குள் செக்கச்செவேல் என்று ஓர் ஈரம். ஓரங்களில் வெளிறிய மஞ்சள், உதிரப்போகிற செதில். பெரிய ஓவியர்களுக்கும் லேசில் கைவராத வேலை அது. செய்து முடித்த அன்று டீச்சர் வகுப்பையே எழுந்து நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னாள். "இந்தத் தோல யாரு செஞ்சது?" என்று அவள் கேட்டபோது நாலைந்து குரல்கள் சேர்ந்து சொல்லின: "மைனா, மிஸ். அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

மைனா எழுந்து நின்றாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, வெயிலிலும் முழுக்கை. அவள் சிரித்ததை டீச்சர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

கண்காட்சி முடியப்போகிற நேரத்தில் மைனாவின் அம்மா வந்தாள். துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற வேலை; அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. தீவைச் சுற்றி வந்தாள், நத்தையைப் பார்த்துச் சிரித்தாள், பாறைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் சுளிக்கவில்லை. குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"இது உங்க பொண்ணு செஞ்சதும்மா" என்றாள் டீச்சர் பெருமையாக. "இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கைய நான் பாத்ததில்ல. ஹெட் மிஸ் இதப் பள்ளிக்கூட முன்சுவர்ல பெரிசா வரையச் சொல்லிட்டாங்க. நாளைக்கே பெயிண்டர் வர்றாரு."

அம்மா நிமிரவில்லை.

"ராத்திரியில மருந்து போட்டுவிடுறவ நான், டீச்சர்" என்றாள். "காதுக்குக் கீழ இந்த மடிப்பு. இங்க ரெண்டா பிரிஞ்சு போற வெடிப்பு. இது எம் பொண்ணு கழுத்து."

டீச்சர் அப்போதுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இடைவேளைகளில் மைனா வராந்தாவில் நடந்தால் பிள்ளைகள் கூவிக்கொண்டு இரண்டு பக்கமும் சிதறுவார்கள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். "என் தீவு கிளாஸ விட்டு வெளியவே வந்துடுச்சு, பாத்தீங்களா" என்று, அதை விளையாட்டு என்று நினைத்து, அவள் மற்ற டீச்சர்களிடம் சொல்லிப் பூரித்திருக்கிறாள். வாயில் போட்ட பழம் பாதி மென்ற பிறகு அழுகல் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று தொண்டையில் ஏறியது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அது ஒட்டுற நோயும் இல்ல, டீச்சர். டாக்டர் எழுதிக் குடுத்தத உங்ககிட்டதான் குடுத்தேன்" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு ஒரு நாள் அனுப்புறேன். சாயந்தரம் வந்து அவ என்ன சொல்றாளோ, அத வெச்சுத்தான் மேல அனுப்பலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

ஹெட் மிஸ் தன் அறையில் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பாதி பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட, அதைக் கரண்டியால் துழாவியபடியே டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். "சின்னப் பசங்க விளையாட்டுக்கெல்லாம் அர்த்தம் பாத்தா பள்ளிக்கூடம் நடத்த முடியுமாம்மா? வந்தவங்க எல்லாரும் அதத்தான் போட்டோ எடுத்தாங்க. பெயிண்டருக்கும் சொல்லியாச்சு. அந்தப் பொண்ணு செஞ்சதத்தான் சுவர்ல போடுறோம், அவளுக்குப் பெருமதான?" கரண்டியில் வந்த குழைவை வாயில் போட்டுக்கொண்டார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது வார்த்தை வரவில்லை. வழக்கமாக அவள் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்து, இவனுக்கு இருமல் குறையட்டும், இவளுக்குத் தம்பி பிறக்கட்டும் என்று கடவுளிடம் சிபாரிசு செய்வாள். அன்று ஒவ்வொரு முகமாக வரவர வயிற்றைப் புரட்டியது. பால் முகங்கள். அந்தப் பால் முகங்களை வைத்துக்கொண்டு எப்படி முடிந்தது? ஒரு பெண்ணின் புண்ணை அவள் கையாலேயே செய்ய வைத்து, அதைக் கடலுக்கு அப்பால் உட்கார வைத்து, சட்டமும் போட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். பெரியவர்களின் விஷம் பிள்ளைகளிடம் இல்லை என்று நம்பித்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். கண்ணை மூடியபடி, "இவங்கள நேசிக்க எனக்கு இன்னைக்குத் தெம்பு இல்ல, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

மைனா வந்திருந்தாள். தீவின் கரையோரம் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. வந்ததும் வராததுமாகப் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அதை ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் குவிந்திருந்தார்கள். டீச்சர் கதவைச் சாத்தினாள்.

"பிசுபிசுவ யாரு யோசிச்சது?"

முந்தின தினத்துப் பாராட்டின் தொடர்ச்சி என்று நினைத்து எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

"கையக் கீழ போடுங்க" என்றாள். அவள் குரலின் கடுமை அவளுக்கே புதிதாக இருந்தது. "வெக்கமா இல்ல? ஒருத்திக்கு உடம்புல வலின்னா அத வெச்சு விளையாடுவீங்களா? உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது இந்த அசிங்கத்த? உங்க வீட்டுலயா? தெருவுலயா?"

கைகள் இறங்கின. மழை அதிகாரியாக இருந்த பையனுக்கு உதடு பிதுங்கியது. "நான் அப்பவே சொன்னேன்ல, தோல் வேணாம், ரோமம் வெக்கலாம்னு" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். "நீ எப்படா சொன்ன? நீ ரோமத்துக்குப் பஞ்சு இல்லன்னுதான சொன்ன" என்றான் மற்றவன்.

மேயர் எழுந்து நின்றாள். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். எதிர்த்துப் பேசும் முகம் அல்ல அது. பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பெண்ணின் முகம்.

"கிளாஸ்லதான் மிஸ் பாத்தோம்."

"என்ன பாத்தீங்க?"

"நீங்கதான மிஸ் நல்லாப் பாக்கச் சொன்னீங்க. பாத்தோம். நீங்க சுத்தி வரும்போது எல்லாரையும் முதுகுல தட்டிக் குடுப்பீங்க. எனக்குத் தலைய ஆட்டி விடுவீங்க. மைனாகிட்ட வந்தா மட்டும் கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்குவீங்க. அவ பேப்பர வாங்கும்போது இந்த ஓரத்தப் பிடிச்சு வாங்குவீங்க." இரண்டு விரல் நுனியால் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். அச்சு அசல். "அதான் அதத் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டோம். எல்லாரும் ஓட்டுப் போட்டோம். மைனாவும் போட்டா."

டீச்சர் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்திருந்தால் போதும், இல்லை என்று சொல்லிவிடலாம். தேடினாள். ஆண்டின் முதல் நாளிலிருந்து தேடினாள். அன்பாகப் பேசியது கிடைத்தது, புன்னகை கிடைத்தது, மைனாவுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டதும் கிடைத்தது. கை கிடைக்கவில்லை. மனதுக்குத் தெரியாமல் கை ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டார்கள். இத்தனை நேரமும் பிள்ளைகளைப் பார்த்துக் குமட்டிய அதே குமட்டல் இப்போது தன் இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தால் போகிற அழுக்கா அது?

மெதுவாக மேஜையைச் சுற்றி மைனாவிடம் போனாள். பக்கத்தில் குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மைனா, பிசுபிசுவ எடுத்துடலாமாம்மா?"

மைனாவின் விரல்கள் நின்றன. "ஏன் மிஸ்? நல்லாயில்லயா?"

"நல்லா இருக்கு. அதுக்கில்ல."

"அப்ப எடுக்காதீங்க மிஸ். தோல் காயுறதுக்கு நாலு நாள் ஆச்சு. நீங்க எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்கல்ல." கொஞ்சம் யோசித்தாள். "சுவர்ல மட்டும் வேணாம். சுவர்ல போட்டா பெரிய கிளாஸ் பசங்களும் பாப்பாங்க. இங்க நம்ம கிளாஸ் மட்டும்தான்."

நம்ம கிளாஸ் என்றாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெயிண்டர் எட்டிப்பார்த்தார். "அந்தச் சொறி மிருகத்தக் காட்டுனீங்கன்னா நான் சுவர்ல கட்டம் போட ஆரம்பிச்சுடுவேம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததாலோ, பசையின் நெடியாலோ, மைனாவுக்கு அரிப்புக் கிளம்பிவிட்டது. தோளை உயர்த்திக் காதோடு தேய்த்தாள். கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை பசை. கழுத்தைச் சட்டைக் காலரில் இப்படியும் அப்படியும் உரசினாள். கண்ணில் நீர் கட்டியது. எதிர்ப்பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"நான் சொறிஞ்சு விடட்டுமா?" என்றாள் டீச்சர்.

"சொறியக் கூடாது மிஸ், ரத்தம் வந்துடும். உள்ளங்கையால அழுத்தணும். அம்மா அப்படித்தான் செய்வாங்க." தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, காலரிலிருந்து கழுத்தை வெளியே காட்டினாள். அது காகிதத்தில் பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தது.

டீச்சர் கையை நீட்டினாள். பாதி தூரத்தில் கை தானாக நின்றது. அதை மேயர் பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடு. செதில்கள் உள்ளங்கையில் மணல் போல உறுத்தின, நடுவில் ஏதோ ஈரம் பட்டது. வயிற்றுக்குள் புரண்டது, புரண்டுகொண்டே இருந்தது. கடவுளே, இந்தக் குமட்டல் போக வேண்டும் என்று கேட்கவில்லை, கை மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல, மிஸ்."

மேலே நகர்த்தினாள்.

"எந்தப் படம்னு சொல்லுங்கம்மா" என்றார் பெயிண்டர், ஏணியை மறு தோளுக்கு மாற்றியபடி.

"சுவர்ல வேற படம் போடலாம். நத்தையப் போடலாம். ஹெட் மிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் டீச்சர், திரும்பாமலே. "செத்த நேரம் நில்லுங்க. இப்ப எந்திரிக்க முடியாது."

உள்ளங்கைக்குக் கீழே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. மைனா கண்ணை மூடியிருந்தாள். பசை படிந்த விரல்களை மேஜைக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தாள், காயட்டும் என்று. எதிர்ப்பக்கம் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், புது நாட்டுக்கு முதல் தடவையாக வந்து இறங்கியவர்களைப் போல.