யூகோ நல்லா இருக்கா

நகோயாவில் இருந்த காலத்தில் வசந்தாமணிக்குப் பேச்சுத் துணை கீழ்வீட்டு யூகோதான். இருவருக்கும் ஒரே வயது. மத்தியானங்களில் சிறுமிகளுக்கான காமிக்ஸ் தொடர் ஒன்றைச் சேர்ந்து வாசிப்பார்கள். அப்படித்தான் இவளுக்கு ஜப்பானிய மொழி வந்தது. பிறகு கணவர் ஜெயபிரகாஷுக்கு அமெரிக்காவில் சன்னிவேலில் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை யூகோவின் கணவர் போன் செய்தார். யூகோ புற்றுநோயில் இறந்துவிட்டாளாம். வசந்தாமணி முறைப்படி ஆறுதல் சொல்லிப் போனை வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

சனிக்கிழமை அவளும் ஜெயபிரகாஷும் சான் ஹோசேயில் உள்ள ஜப்பானியக் கடைக்குப் போனார்கள். அந்தத் தொடரின் புதிய பாகம் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். அங்கிருந்த பெண் ஜப்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தாள்.

"எவ்வளவு நல்லா பேசுறீங்க! யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"நகோயாவுல என் ஃப்ரெண்ட், யூகோ."

"அவங்க சௌக்கியமா?"

"நல்லா இருக்கா" என்றாள் வசந்தாமணி.

காரில் ஏறியதும் ஜெயபிரகாஷ் கேட்டார். "யூகோ பேரு காதுல விழுந்துச்சே. என்ன கேட்டா அந்தப் பொண்ணு?"

"யூகோ எப்படி இருக்கான்னு கேட்டா. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேனுங்க."

அவர் ஸ்டார்ட் பண்ணிய எஞ்சினை அணைத்தார். "அழணும்னா அழுதுரு வசந்தா."

"வரமாட்டேங்குதுங்க. வீட்ல கருவேப்பிலை தீந்துபோச்சு. போற வழியில இந்தியன் ஸ்டோர்ல நிறுத்துங்க."

அங்கே கறிவேப்பிலையோடு வெண்டைக்காயும் வாங்கினாள். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து, பிஞ்சாக இருந்ததை மட்டும் பையில் போட்டாள்.