கொட்டும் பொறுப்பு தெக்லாவுடையது

மணல்மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் கஸ்பார், சில்வேஸ்தர், தெக்லா என்னும் உடன்பிறப்புகள் மூவரும் ஒரே உடலாக வாழ்ந்துவந்தார்கள். கடலில் ஜெல்லிமீன் போன்ற நீலச்சொறிகள் வாழ்வதும் அப்படித்தான்: பார்வைக்கு ஒற்றைச் சொறிமீன், உள்ளபடி ஒரு கூட்டுக் குடித்தனம். மூத்தவர் கஸ்பார் காற்றுப்பை, எல்லாரையும் மிதக்கவைப்பவர். சில்வேஸ்தர் மூவருக்கும் சேர்த்துச் சாப்பிடுவார். கடைக்குட்டி தெக்லா கொட்டுவாள். இரையைக் கொட்டிப் பிடிப்பவள் அவளே என்றாலும், ஒரு பருக்கையும் அவள் நாவில் பட்டதில்லை. சத்து மட்டும் வந்து சேரும்.

பக்கத்து ஊர் இன்னாசி, தாயார் பிரகாசியம்மாளுடன் அவளைப் பெண் பார்க்க வந்தான். தனியுடல்காரன், தன் சோற்றைத் தானே தின்று வளர்ந்தவன். தெக்லாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒரே உடல் என்பதால் அண்ணன்மாருக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவளைப் பிரித்து அனுப்பினால் இரை ஏது? இருவரும் வதங்கிப்போவார்கள், பிரிந்த அவளும் பிழைக்கமாட்டாள்.

வந்தவர்கள் கொண்டுவந்த சீலா மீன் குழம்பை வழக்கப்படி சில்வேஸ்தரே சாப்பிட்டு முடித்தார். குழம்பு எப்படி என்று இன்னாசி தெக்லாவைக் கேட்டான்.

"அதச் சின்னண்ணன்கிட்ட கேளுங்க. எனக்கு வயிறு நெறஞ்சது தெரியும், அவ்வளவுதான்."

செரிப்பதுதான் தம் பொறுப்பென்றும், ருசி பார்க்கும் வேலை இவ்வீட்டில் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்றும் சில்வேஸ்தர் தெரிவித்தார்.

இன்னாசி தெக்லாவின் கையைப் பற்றினான். கொட்டியது. சொறியின் இழை பட்டவுடன் தானாகவே கொட்டும்; கோபம் அதற்குத் தேவையில்லை. தோள்வரை வீங்கிய கையில் பிரகாசியம்மாள் வெந்நீர் ஊற்றினாள்.

"வீட்டுக்கு வரமுன்னயே மருமக கைவரிசையக் காட்டிட்டா," என்றாள்.

அவன் கையை விடவில்லை. "ருசி பாக்குற அந்த வேலை காலியாத்தான இருக்கு மச்சான்? நான் வாறேன்."

கஸ்பார் கடற்காற்றை இழுத்து நிரப்பிக்கொண்டு யோசித்தார். "தெனமும் கொட்டு தாங்கணும் மாப்பிள."

"பழகிரும்."

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலி கட்டியதும் இன்னாசி அந்த உடலோடு ஒட்டிக்கொண்டான். பந்தியில் மாங்காய் ஊறுகாயைத் தொட்டு நாவில் வைத்தான். தெக்லாவின் கண்கள் கலங்கின.

"இதுதான் புளிப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

மறுநாள் பிரகாசியம்மாள் தன் ஊரில், தன் வீட்டில், தனியே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் உண்டாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல், அத்தை," என்றாள் இங்கே தெக்லா; மகன் ஒட்டிக்கொண்டதில் தாயின் நாவும் இவ்வுடலோடு சேர்ந்துவிட்டிருந்தது.

நாளைக்குக் குறைத்துப் போடுவதாகப் பிரகாசியம்மாள் தன் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்.