ஆற்றுக்கு விட்ட தோட்டம்

பிப்ரவரியில் ரோன் ஆறு மெலிந்து கிடந்தது. மலையில் பனி உருகுமுன் வேலையைத் தொடங்கியாக வேண்டும். பழைய கரையை இடித்து, தோட்டங்களுக்குப் பின்னால் புதுக்கரை கட்டி, ஆறு அகன்று ஓட இடம் விட வேண்டும். எல்லோரும் நிலம் கொடுத்துவிட்டார்கள். லெயோன்ஸ் மட்டும் மறுத்தார். அவருடைய நிலம் நட்டநடுவில் இருந்தது. அவர் அசையாமல் வேலை அசையாது.

அவருடைய மருமகன் சிப்ரியன் மோட்டார் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு தன் ஆப்ரிகாட் தோட்டத்தில் இறங்கினான். மரங்களை நட்டவள் அவன் மனைவி ஒதீல். அவள் இறந்தபின் வரும் இரண்டாவது குளிர்காலம்.

சில மரங்கள் சாய்ந்ததுமே லெயோன்ஸ் ஓடிவந்தார்.

"நிறுத்துய்யா! எம்பொண்ணு வச்ச மரம்யா அது."

"தெரியும் மாமா."

"மொட்டு விட்டிருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"பூத்தப்புறம் வெட்ட என்னால முடியாது."

"கரைய இன்னும் ஒரு ஆள் உசரம் ஏத்துனா முடிஞ்சுது. எங்கப்பா ஏத்தல? நான் ஏத்தல?"

"ஏத்துனீங்க. மேல வாங்க."

இருவரும் கரைமேல் நின்றார்கள். ஒரு பக்கம் ஆற்றின் சரளைப் படுகை. மறுபக்கம் தோட்டம். படுகைதான் மேட்டில் இருந்தது.

"நீங்க ஏத்துனப்பல்லாம் உள்ள சரளையும் ஏறிடுச்சு. இது உடைஞ்சா தண்ணி நேரா பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும்."

லெயோன்ஸ் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பார்த்தார். அது அவர் காலுக்குக் கீழே தெரிந்தது.

"ஒதீல் இருந்திருந்தா உன்னச் சும்மா விட்டிருப்பாளா?"

"ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டா. அப்புறம் அவளே ரம்பத்தத் தூக்கிட்டு வந்திருப்பா."

கிழவர் இறங்கிப் போனார். சிப்ரியன் அடுத்த மரத்துக்குப் போனான்.

மதியத்துக்கு மேல் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு ரம்பம் உறுமியது. ஒரு மரம் விழுந்தது. பிறகு வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"மாப்ள! உன் ரம்பம் மொண்ணையாயிருக்கு. சத்தம் சகிக்கல. கொண்டா, தீட்டித் தர்றேன்."

மறு ஆண்டு ஜூனில் ஆறு பெருகி வந்தது. தோட்டம் இருந்த இடமெல்லாம் பழுப்பு நீர் பரவி, வேகம் இழந்து, முழங்காலளவு நின்றது. புதுக்கரைக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது.

சிப்ரியனோடு புதுக்கரைமேல் நின்ற லெயோன்ஸ் பையிலிருந்து ஒரு ஆப்ரிகாட் பழத்தை எடுத்து நீட்டினார். "கடையில வாங்குனேன். ஸ்பெயின் சரக்கு. வெறும் சக்கை."

சிப்ரியன் கடித்தான். சக்கைதான். இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.