இரவல் முழங்கால்

கூரை போன வாடிவீட்டையும் நுளம்பையும் தவிர எங்கள் களப்புக் கரையில் பார்க்க இனி என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் கொழும்புத் துரைமார் குடும்பத்தோடு லீவுக்கு வந்து அந்த வாடிவீட்டில் தங்குவார்கள். குளித்து, இறால் பொரித்துத் தின்று, போகிற வழியில் யாகப்பர் கோயிலையும் எட்டிப் பார்ப்பார்கள். பறங்கியர் காலத்துக் கோயில் அல்லவா? தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் நின்றதும் மறுபடி ஒரு துரை வந்து இறங்கினார். பாரிசிலிருந்து. வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன் சூசைப்பிள்ளைதான்.

வான் வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்தினார்.

"என்ன எமில்டா, இந்தக் கருவாட்டு மணம் இன்னும் போகேல்லையே?"

"மீன் இன்னும் பாரிசுக்குப் போகேல்லை அண்ணை. இஞ்சதான் காயுது."

அவர் மனைவி பிலோமினா கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி. நான் கொடுத்த தேத்தண்ணியை ஈ மொய்க்க விட்டுவிட்டு, கொண்டுவந்த போத்தல் தண்ணீரைக் குடித்தா. முருகைக்கல்லில் கட்டிய கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடிச்சிட்டுப் புதுசா ஒண்ணு கட்டலாமே, மச்சி" என்றா. முந்நூறு வருசம் புயலுக்கு அசையாத சுவர் இந்த அம்மாவின் வாய்க்கு விழவேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கு ஒரே காரணம் என் மகள் நிதர்சனா. பதினேழு வயது. என் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருசத்திலிருந்து, "பிள்ளையை நான் இஞ்ச எடுக்கிறன்" என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எழுதிய அண்ணன் இவர். பள்ளிக்கூடத்தில் இயக்கம் ஆள் சேர்க்கிற பிரச்சாரக் கூட்டம் நடந்தால் அடுத்த கிழமை வகுப்பில் இரண்டு கதிரை வெறுமையாகக் கிடக்கும். சண்டை திரும்பத் தொடங்கினால் பாதையும் பூட்டுப்படும். அலைந்து திரிந்து அவளுக்கு ஊரைவிட்டுப் போகப் பாஸ் எடுத்து, உடுப்புப் பையும் கட்டிவைத்திருந்தேன். வானில் ஒரு சீற் வேண்டும். அவ்வளவுதான்.

"இந்த முறை கஷ்டம் பிள்ளை. பிறகு பாப்பம்" என்றார் அண்ணன். வானின் பின் சீற்றில் என்ன இருந்தது தெரியுமா? கருவாட்டு மூட்டை! மூக்கைப் பொத்தின அதே மனிதர் இரண்டு மூட்டை கட்டி ஏற்றியிருந்தார்.

அவர் வந்ததே ஒரு நேர்த்திக்காக. மகன் அனிஸ்ரனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, சுகப்பட்டால் யாகப்பர் கோயில் கொடிமரத்திலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவேன் என்று நேர்ந்தாராம். பிள்ளை சுகப்பட்டுவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ச்சனம் எல்லாம் பார்க்க நின்றது. துரை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கு முழங்காலில வாதம் எமில்டா. எனக்காக நீ ஒருக்காப் போவன். ஆர் போனா என்ன, நேர்த்தி நேர்த்திதானே?"

முதல்நாள் பின்னேரம் வாடிவீட்டு மதிலில் ஏறி நின்று படம் எடுத்த முழங்காலுக்கு விடிந்ததும் வாதம். சீ! சாமிக்கே கூலிக்கு ஆள் வைக்கிற பிறப்பு. ஆனாலும் சீற் என் கண்ணுக்குள் நின்றது. முழங்காலில் இறங்கினேன்.

முற்றத்து மணலெல்லாம் சிப்பி ஓடு. பாதி தூரத்தில் சீலை நனைந்து ஒட்டியது, இரத்தம். பக்கத்தில் அண்ணன் வீடியோக் கமராவோடு நடந்து வந்தார்.

"கொஞ்சம் மெல்லப் போ எமில்டா. படம் ஆடுது."

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. 'பொறு, உனக்குக் காட்டுறன்' என்று மனதுக்குள் கறுவினேன்.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. முழங்காலில் வந்தவர்தான் பீடத்தடியில் நேர்த்திக் கருத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சனம் ஆமென் சொல்லும். மூப்பர் மணியை அடிப்பார். மணி அடித்துவிட்டால் சொன்னது சொன்னதுதான். மீறினவன் வீட்டில் பிள்ளை தங்காது என்று பயமுறுத்தித்தான் எங்களை வளர்த்தார்கள். பாரிசுக் குளிரில் அண்ணனுக்கு அது மறந்துபோய்விட்டது.

பீடத்தடியில் கையை விரித்து, பின்வாங்கில் நின்ற கிழவிக்கும் கேட்கச் சொன்னேன்: "யாகப்பரே, அனிஸ்ரனைச் சுகப்படுத்தினதுக்குத் தோத்திரம். அதுக்குக் கைமாறா, என்ர மகள் நிதர்சனாவை இண்டைக்கே தன்ர வானில ஏத்திக்கொண்டு போய்ப் பாரிசில தன்ர பிள்ளையாப் பாப்பன் எண்டு என்ர அண்ணை சூசைப்பிள்ளை உம்மட்டை நேருறார்."

"ஆமென்!" என்றது சனம். மூப்பர் மணிக்கயிற்றை இழுத்தார். மணி கணீரென்றது.

"ஐயோ, நாங்க எங்க இப்பிடி நேர்ந்தோம்? இது செல்லாதுங்க!" என்று பிலோமினா பதறினா.

"வாயை மூடு!" அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. "மணி அடிச்சாச்சு. பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா நீயோ பொறுப்பு?"

கருவாட்டு மூட்டைகள் இரண்டும் இறங்கின. நிதர்சனா பையோடு ஏறினாள். ஏறினவள் கதவைப் பிடித்தபடி திரும்பி, "அம்மா, நீங்கள்?" என்றாள். "போ பிள்ளை, போ" என்று கையைக் காட்டினேன். வான் தென்னந்தோப்புக்குள் மறைந்ததும் கோயில் படியில் குந்தி வாய்விட்டு அழுதேன்.

மூப்பர் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"விசரி, எமில்டா. 'என்னையும் மகளையும்' எண்டு சொல்லியிருந்தா, நாங்கள் அதுக்கும் ஆமென் சொல்லியிருப்பமே."

அது எனக்குத் தோன்றவே இல்லை.